சார்ல்ஸ்டன்: எங்கிருந்து நடக்கத் தொடங்குவது?

சுற்றுலாக் கையேடுகளையும் ஓர் இலக்கிய வகையாகக் கருதலாம் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமலே விடுவது என்று அவற்றை எழுதுவோர் எடுக்கும் முடிவுகள் ஒரு நாவலாசிரியனின் முடிவுகளுக்குக் குறைந்தவையல்ல. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துக் கடற்கரை நகரமான சார்ல்ஸ்டனுக்குச் சென்று திரும்பிய எங்கள் நண்பர்கள் இருவர், இரண்டு வெவ்வேறு நகரங்களைப் பார்த்து வந்தவர்களைப் போலப் பேசியபோது இந்த எண்ணம் உறுதிப்பட்டது. இருவரும் நடந்தவை ஏறத்தாழ ஒரே தெருக்கள்தாம். நடக்கத் தொடங்கிய இடம் மட்டும் வேறு.

கையேடு காட்டும் நகரத்தை முதலில் சொல்லிவிடுவோம். ஆஷ்லி, கூப்பர் என்னும் இரு ஆறுகளுக்கு நடுவே கடலை நோக்கி நீண்டிருக்கும் நிலம். 1670இல் ஆங்கிலேயர் இப்பகுதியில் குடியேறித் தம் அரசரின் பெயரை ஊருக்கு இட்டனர். 1783 முதல் அது சார்ல்ஸ்டன். ஈஸ்ட் பே தெருவில் வெளிர்வண்ணம் பூசிய பதின்மூன்று வீடுகள் 'வானவில் வரிசை' என்ற பெயரில் நிற்கின்றன. முனையில் பீரங்கிகளும் ஓக் மரங்களுமாக ஒரு பூங்கா. எதிரே கடலில் சம்ட்டர் கோட்டை. 1861 ஏப்ரல் 12 அன்று அதன்மீது விழுந்த குண்டுகளோடுதான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. ஒரு நகரத்தின் பழைய பகுதியை முழுமையாகக் காக்கும் சட்டத்தை அமெரிக்காவிலேயே முதன்முதலில், 1931இல், இயற்றிய ஊரும் இதுவே. தூணுக்கும் கதவுக்குமாகச் செட்டிநாட்டு வீடுகள் பிரித்து விற்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இதில் பொறாமை கொள்ள நிறையவே இருக்கிறது.

ஆனால் இந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள்? வட அமெரிக்க நிலப்பரப்புக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் இத்துறைமுகம் வழியாகவே வந்தனர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. 1771இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய பரிவர்த்தனை மாளிகையில்தான் 1788இல் தென் கரோலினா அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதே மாளிகையின் வடபுறத்தில் மனிதர்கள் ஏலம் விடப்பட்டனர். 1856இல் நகர நிர்வாகம் திறந்தவெளி ஏலத்தைத் தடை செய்தது. வணிகம் நிற்கவில்லை, சுவர்களுக்குள் நகர்ந்தது, அவ்வளவே. சால்மர்ஸ் தெருவில் 1859இல் எழுந்த ஏலக்கூடம் இன்று பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகமாக இருக்கிறது.

நம் வாசகர்கள் மற்ற எவரையும்விட எளிதில் உணரக்கூடிய ஒன்று உண்டு: நெல். சார்ல்ஸ்டனின் மாளிகைகளை எழுப்பியது பருத்தி என்று பலரும் நினைக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தச் செல்வத்தைத் தந்தது அரிசியும், அதற்கடுத்து அவுரியும். கடல் ஏற்றத்தின்போது ஆற்றில் மேலெழும் நன்னீரை மதகு வைத்து வயலுக்குள் விட்டு, வற்றும்போது வடித்து, சதுப்பு நிலத்தைக் கழனியாக்கினர். செனகாம்பியா முதல் சியரா லியோன் வரை தலைமுறைகளாக நெல் விளைவித்து வந்த மக்கள் விலைக்கு வந்திருப்பதாக அந்நாளைய செய்தித்தாள்கள் விளம்பரம் செய்தன. அம்மக்களின் வேளாண் அறிவு இதில் எவ்வளவு பங்காற்றியது என்பதில் ஆய்வாளரிடையே வாதம் உண்டு. உழைப்பு யாருடையது என்பதில் வாதமேதும் இல்லை. பகலெல்லாம் சேற்றில் நின்றவர்களே உரலில் நெல்லைக் குற்றினார்கள், புல்லால் பின்னிய சுளகில் புடைத்தார்கள். அந்தச் சுளகின் வழித்தோன்றல்களான கூடைகளைச் சந்தையில் இன்றும் 'கல்லா' இனப் பெண்கள் பின்னி விற்கிறார்கள். பயணிகள் அவற்றை அலங்காரப் பொருளாக வாங்கிச் செல்கிறார்கள். சுளகு இருந்த வீட்டில் பிறந்த நம்மில் ஒருவர் அதைக் கையில் எடுத்தால், எதற்கான பொருள் என்று கேட்க வேண்டியிராது.

துறைமுக வாயிலில் சல்லிவன் தீவு இருக்கிறது. இலக்கிய வாசகருக்கு அது எட்கர் ஆலன் போவின் தீவு. 1827இலும் 1828இலும் அங்குள்ள மூல்ட்ரி கோட்டையில் படைவீரராக இருந்த அவர், பின்னாளில் புதையல் தேடும் 'தங்க வண்டு' கதையை அத்தீவிலேயே நிகழவிட்டார். அதே தீவில், கப்பலில் வந்த ஆப்பிரிக்கர்கள் விற்பனைக்கு முன் நோய்க்காப்புக் குடில்களில் அடைத்து வைக்கப்பட்டனர். அடிமைப்பட்டோரை நினைக்க ஒரு மண்டபமில்லை, சுவரில்லை, சாலையோரத்தில் ஒரு சிறு பலகைகூட இல்லை என்று 1989இல் டோனி மாரிசன் வருந்திச் சொன்னார். 'பிலவ்ட்' நாவலை எழுத நேர்ந்ததற்கு அதையும் ஒரு காரணமாகக் கூறினார். 2008 ஜூலையில் இத்தீவில் ஓர் இருக்கைப் பலகை வைக்கப்பட்டது. அவரும் வந்து அதில் அமர்ந்தார். ஓர் எழுத்தாளரின் ஆதங்கம் உட்காரும் இடமாக மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு நகரம் மாறத் தொடங்கியது, வலியோடுதான் மாறியது. 2015இல் மெக்லியோட் தோட்டம், அங்கு அடிமைப்பட்டிருந்தோரின் வாழ்வை மையமாக வைத்துக் கதை சொல்லும் இடமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17 அன்று, இமானுவேல் தேவாலயத்தில் விவிலியம் வாசிக்கக் கூடியிருந்த ஒன்பது கறுப்பின மக்களை வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். 2018இல் நகர மன்றம் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டது; ஏழுக்கு ஐந்து என்ற வாக்கு வேறுபாட்டில்தான் அத்தீர்மானம் நிறைவேறியது. அடிமை முறையை நன்மை என்றே வாதிட்ட கால்ஹூனின் சிலை 2020 ஜூனில் இறக்கப்பட்டது. 2023 ஜூனில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் அடிமைக் கப்பல்கள் வந்தடைந்த காட்ஸ்டன் துறை இருந்த இடம் அது. அந்த மண்ணை மிதிக்கக் கூடாதென்று கட்டடத்தையே பதினெட்டுத் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

இவற்றுக்கு இரண்டு ஆட்சேபங்கள் எழுகின்றன. விடுமுறைக்கு வருபவன்மீது இவ்வளவு பாரத்தை ஏற்றுவானேன் என்பது முதலாவது. எங்கள் நண்பர்களில் ஒருவரே அப்படிக் கேட்டார். அழகை ரசிக்க எவருக்கும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாதியை மறைத்துக் காட்டினால் ஏமாற்றப்படுபவர் முதலில் அந்தப் பயணிதான். சம்ட்டர் கோட்டைக்குப் படகேறுபவரிடம் பீரங்கிக் கதையை மட்டும் சொல்லி, 1862 மே 13 விடியலுக்கு முன் அதே நீரில் எதிரணிக் கப்பலையே கைப்பற்றித் தன் குடும்பத்தோடு தப்பிய ராபர்ட் ஸ்மால்ஸின் கதையைச் சொல்லாவிட்டால், இழப்பு யாருக்கு? அடிமையாய்ப் பிறந்த அவர் பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினருமானார்.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. துயரமும் நுழைவுச் சீட்டுக்கு உரிய பண்டமாகிவிடாதா? ஆகக்கூடும். காலையில் அடிமைச் சந்தை, மாலையில் தோட்ட மாளிகையில் திருமண விருந்து என்று ஒரே நாளில் முடித்துவிட முடிகிற நகரத்தில் இந்த ஐயம் நியாயமானதே. எங்களிடம் இதற்கு முழுமையான விடை இல்லை. ஆயினும் சொல்லப்பட்டதைக் கேளாமல் போகிறவனுக்கும், சொல்லப்படாததால் அறியாமல் போகிறவனுக்கும் வேறுபாடு உண்டு. முன்னவனிடம் நாம் கணக்குக் கேட்கலாம்.

ஆகவே எங்கள் பரிந்துரை எளியது: வரிசையை மாற்றுங்கள். காட்ஸ்டன் துறையில் தொடங்குங்கள். பிறகு சால்மர்ஸ் தெரு. அதன்பின் எய்க்கன்–ரெட் இல்லம். புதுப்பித்து மெருகேற்றாமல் கிடைத்த நிலையிலேயே காக்கப்படும் அந்த வீட்டில், பின்கட்டில் வேலை செய்தோர் உறங்கிய அறைகள் அப்படியே இருக்கின்றன. வானவில் வரிசையைக் கடைசியில் பாருங்கள். அது அப்போதும் அழகாகத்தான் இருக்கும். அந்த அழகை வேறு கண்களால் பார்ப்பீர்கள்.

இது தொலைதூரத்து அமெரிக்கர் விவகாரம்தானே என்று ஒதுங்கவும் நமக்கு வழியில்லை. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க ஐரோப்பியர் கொடுத்த பண்டங்களில் இந்தியத் துணிக்குப் பெரும் இடம் உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய துணியும் அதில் அடங்கும். பழவேற்காட்டிலிருந்து நம்மவர்களையே டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் அடிமைகளாகப் படேவியாவுக்குக் கப்பலேற்றினர். நெய்தவனுக்குத் தன் துணி எங்கே போகிறதென்று தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்துகொள்ள வாய்ப்புள்ள நாமோ தரங்கம்பாடிக் கோட்டையில் கடற்காற்று வாங்குகிறோம், பழவேற்காட்டுக் கல்லறைச் சிற்பங்களைப் படமெடுக்கிறோம். இங்கிருந்து கப்பலேறியது என்ன, யார் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா? சார்ல்ஸ்டனைப் பற்றிப் பேசத் தொடங்கும்வரை, உண்மையைச் சொன்னால், நாங்களும் கேட்டதில்லை.