சிவாவுக்கு இடமளிக்காத வண்டி

1908-ஆம் வருஷம் ராஜத்துவேஷக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை புகுந்தபோது சுப்பிரமணிய சிவாவுக்கு 24 வயது நிரம்பவில்லை. திடகாத்திரமான வாலிபர், குரலெடுத்துப் பேசினால் தூத்துக்குடியில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடுவார்கள். 1912-இல் விடுதலையாகி வந்தவரோ குஷ்டரோகி. அச்சொல்லை இன்று எழுதக் கூசுகிறோம். அன்று அதுவே வழக்கு.

தொற்றுவியாதி என்று காரணங்காட்டி, அவர் ரயிலில் பிரயாணம் செய்யலாகாதென்று சர்க்கார் தடுத்தது. புண்பட்ட பாதங்களோடு நடந்தும், கட்டை வண்டியில் ஏறியும் அவர் ஊர் ஊராகச் சென்றார். சர்க்காரை வைது இந்தக் கதையை முடித்துவிடுவது நமக்கு எளிது. உத்தரவு வெள்ளையனுடையதுதான், ஆனால் அந்த நோயாளியைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் மனத்தை நமக்கு வெள்ளையன் கற்பித்தானா? அவன் வருமுன்னரே நம் ஊரெல்லைகளில் அது குடியிருந்தது.

துன்பமே சிவாவைப் புடம்போட்டு உயர்த்தியது என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. இதை நாம் ஒப்புவதற்கில்லை. அவர் 'ஞானபாநு' நடத்தியதும், 1921-இல் மீண்டும் சிறை சென்றதும், பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்கு ஆலயம் எழுப்ப முனைந்து 1923-இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அஸ்திவாரம் இடுவித்ததும் புண்ணினால் அல்ல, புண்ணையும் மீறி. அக்காலத்து வைத்தியத்தில் நீரடிமுத்து எண்ணெய்க்கு மேல் பெரிய மருந்தில்லை. 1925 ஜூலை 23-ந் தேதி அவர் மறைந்தபோது வயது 40. ஆலயமோ அஸ்திவாரத்தோடு நின்றது. நோயும் புறக்கணிப்பும் தேசத்திடமிருந்து பறித்துக்கொண்ட வருஷங்களுக்குப் புகழ்மாலை ஈடாகாது.

அவர் காலம் போய்விட்டது என்று யாரேனும் சொன்னால், ஒன்று கேட்கிறோம். குஷ்டரோகிகளைப் பிடித்து அடைக்க 1898-இல் இயற்றிய சட்டம், சுதந்திரம் வந்து 69 வருஷங்கள் கழித்து 2016-இல்தான் ரத்தாயிற்று. இந்நோயைக் காட்டி விவாகரத்துக் கோரலாம் என்ற விதி நீங்கியது 2019-இல். இந்த விளம்பத்துக்கு எந்த வைசிராயைக் குறை கூறுவோம்?

இன்று கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. உட்கொள்ளத் தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் சக்தி அடங்குகிறது. ஆறு மாதத்தில், மிஞ்சினால் ஒரு வருஷத்தில் நோய் தீர்கிறது. ஆனால் உணர்ச்சியற்ற தேமலைக் கண்டவன் வைத்தியசாலைக்குப் போகாமல் சட்டைக்குள் மறைக்கிறான். ஊரார் அறிந்தால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்று அஞ்சுகிறான். மறைத்த மாதங்களில் நரம்பு செத்து விரல் மடங்குகிறது. அப்படி மடங்கிய விரலை மருந்து நிமிர்த்தாது. கிருமி தொடங்கிய வேலையை முடித்துவைப்பது நம்முடைய அருவருப்பு.

ஜூலை 23-இல் சிவாவின் படத்துக்கு மாலையிடும் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இந்நோய் கண்டு குணமடைந்த ஒருவரை அன்று அழைத்து, மேடையில் தலைவருக்கு அருகே நாற்காலியிட்டு அமர்த்துங்கள். கூட்டம் முடிந்து காபி வழங்கும்போது அவருக்கு வரும் குவளை எது என்பதையும் தலைவர் சற்றே கவனிக்கட்டும்.