எந்த வாக்கியத்தில், மிஸ்?

பக்கத்து ஃப்ளாட் பெண் ஆறாம் வகுப்பு. இங்கிலீஷ் கிராமர் டெஸ்ட்டில் 'ரவுண்ட்' என்ற ஒற்றை வார்த்தையைக் கொடுத்து, இது என்ன பார்ட் ஆஃப் ஸ்பீச் என்று கேட்டிருக்கிறார்கள். 'எந்த வாக்கியத்தில், மிஸ்?' என்று விடைத்தாளிலேயே எழுதிவிட்டு வந்துவிட்டாள். மார்க் பூஜ்யம். சிவப்பு மையில் 'அட்ஜெக்டிவ்' என்று திருத்தம். வீட்டில் அம்மாவிடம் திட்டு வேறு.

நான் அந்தப் பெண் கட்சி. 'ரவுண்ட் டேபிள்' என்றால் அட்ஜெக்டிவ், ஒப்புக்கொள்கிறேன். குத்துச்சண்டையில் 'தேர்ட் ரவுண்ட்' பெயர்ச்சொல் (வேறு இடங்களிலும் மூன்றாவது ரவுண்ட் உண்டு, அதுவும் பெயர்ச்சொல்தான்). இன்ஸ்பெக்டர் 'ரவுண்ட் தெம் அப்!' என்று உறுமினால் வினைச்சொல். 'டர்ன் ரவுண்ட்' அட்வெர்ப். 'ரவுண்ட் ஹர் நெக்' ப்ரிப்போசிஷன். ஆக ஐந்து. தனியாக நிற்கும் 'ரவுண்ட்' இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது, கேள்வித்தாள் தயாரித்தவரைத் தவிர.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் குறைவு. காதல் 'லுஃபு', காதலிப்பது 'லுஃபியன்'. வாலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். பிறகு விகுதிகள் தேய்ந்து உதிர்ந்து, இரண்டுமே 'லவ்' ஆகிவிட்டன. அதிலிருந்து, வார்த்தை யார் என்பதை அது உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான் சொல்கிறது. நாற்காலியை எடுத்துவிட்டு 'நீ யார்?' என்றால் எப்படி?

பெரிய மனிதர்களுக்கே இதில் எரிச்சல் வந்திருக்கிறது. 1789-ல் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின், அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டருக்குக் கடிதம் எழுதினார். 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'ப்ராக்ரஸ்' எல்லாவற்றையும் வினைச்சொல் ஆக்குகிறார்களே என்று புலம்பல். ஒருத்தரும் அதை 'நோட்டீஸ்' பண்ணவில்லை.

தமிழில் மட்டும் என்ன? அம்மா 'அடி' என்று ஏவினால் வினை. அது முதுகில் விழுந்தால் பெயர். முதனிலைத் தொழிற்பெயர் என்று தமிழ் வகுப்பில் பாடமாகவே நடத்துகிறார்கள். அடுத்த பீரியட் இங்கிலீஷ் வந்ததும் அதே குழந்தைக்கு பூஜ்யம். கைடில் இருக்கும் ஒரு வார்த்தை விடையைத் திருத்துவது சுலபம், கேள்வியே தப்பு என்று சொல்லும் குழந்தையைத் திருத்துவதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

"மிஸ்கிட்ட போய்க் கேளேன்மா, நானும் கூட வரேன்" என்றேன்.

"வேணாம் அங்கிள். அடுத்த டெஸ்ட்ல 'அட்ஜெக்டிவ்'னே எழுதிடறேன்."