ரசீது கேட்கப் பழகுவோம்

சிட்லபாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண், கணவரின் அறுவைச் சிகிச்சைக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனார். கையில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. சிகிச்சைக்கு ஒப்புதலும் வந்துவிட்டது. ஆனாலும் ‘ஸ்கேனுக்குத் தனி, மருந்துக்குத் தனி’ என்று 18,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். காதில் கிடந்ததை அடகு வைத்துக் கட்டிவிட்டார். ரசீது கொடுத்தார்களா என்று கேட்டேன். “வைத்தியம் பாக்குறவங்ககிட்ட எப்படிக்கா ரசீது கேக்குறது? அவங்க மனசு கோணிக்கிட்டா இவருக்குல்ல ஆபத்து” என்றார்.

இந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு தள்ளி நிற்கத் தலைமுறைகளாகப் பழக்கப்பட்ட உடம்பு, மருத்துவமனைக் கவுன்டர் முன்பும் தள்ளித்தான் நிற்கிறது. சித்த மருத்துவராக ஊருக்கே வைத்தியம் பார்த்த அயோத்திதாசப் பண்டிதரின் மக்கள் நாம் என்பதை அந்த இடத்தில் யாருக்கு நினைவிருக்கும்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த அட்டை தர்மம் அல்ல. 2012 ஜனவரியில் தொடங்கிய இந்தத் திட்டம் 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியத்தை அரசு யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குக் கட்டுகிறது. அது நம் வரிப்பணம். தீப்பெட்டிக்குக்கூட வரி கட்டுகிறவர்கள் நாம். அதற்கு ஈடாகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஒப்புதல் கிடைத்த சிகிச்சைக்குப் படுக்கை, பரிசோதனை, மருந்து, மருத்துவர் கட்டணம் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். அதற்குமேல் நோயாளியிடம் கை நீட்டுவது விதிமீறல்.

எல்லா நோய்க்கும் எல்லா மருத்துவமனையிலும் அட்டை செல்லாது என்பதும் உண்மை. காய்ச்சல், இருமலுக்குப் புறநோயாளியாகப் பார்த்துக்கொள்வது இதில் வராது. ஒரு மருத்துவமனை எலும்புச் சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கும், இதயத்துக்கு இருக்காது. படுக்கையில் சேர்ப்பதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் ‘இந்த நோய்க்கு இங்கே உண்டா?’ என்று கேட்டுவிட வேண்டும். பாதிச் சண்டை இந்த ஒரு கேள்வி கேட்காததால் வருகிறது. அட்டை இல்லையே என்று கலங்கவும் வேண்டாம். குரோம்பேட்டை ஆனாலும் செங்கல்பட்டு ஆனாலும் அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாதவருக்கும் சிகிச்சை மறுக்க முடியாது.

நம் பக்கத்துப் பொறுப்புகளும் உண்டு. வீட்டுக்கு வந்த மருமகள் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்று நோய் வருவதற்கு முன்பே பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பாவம் என்று அட்டையை இரவல் கொடுக்கக் கூடாது. அது மோசடி வழக்காகும். மருத்துவரிடம் குடிப்பழக்கத்தையும் பழைய நோயையும் மறைக்கக் கூடாது. எழுதாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ கூடவே கூடாது. வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் அந்தப் படிவத்தை வாசித்துத் தமிழில் சொல்வது அதன் வேலை. நாம் படிக்க வைத்ததே அதற்கும் சேர்த்துத்தான்.

அரசின் பொறுப்பு இதைவிடப் பெரியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்கிறது விதி. மாதம் 10,000, ஒரு நாளைக்குச் சுமார் 330 ரூபாய். கணவன் கொத்து வேலைக்கும் மனைவி வீட்டு வேலைக்கும் போகிற குடும்பம் இந்தக் கோட்டுக்குள் எப்படி அடங்கும்? வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நாள், பதிவுக்குச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு ரயிலேறி ஒரு நாள் என்று இரண்டு நாள் கூலியும் போகிறது. தாம்பரம் மாநகராட்சி மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சி. அந்த மாநகராட்சியின் வார்டுகளில், நம் தெருக்களிலேயே, பதிவு முகாம்கள் நடக்க வேண்டும்.

சாதியைக் காட்டி மருத்துவமனைக்குள் விடாமல் தடுத்தால் அது குற்றம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமே அதைச் சொல்லிவிட்டது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம், மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. பணம் பாக்கி என்று சொல்லி நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம்.

பணம் கேட்டால் அங்கேயே நின்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். சுகாதாரத் துறையின் 104க்கும் சொல்லலாம். அதன் பிறகும் தீரவில்லை என்றால் மாவட்ட ஆட்சியரிடம் மனு. மனுவில் தேதி, தொகை, எதற்காகக் கேட்டார்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

சிட்லபாக்கத்துப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, “எங்கிட்டதான் ஒரு சீட்டும் இல்லையேக்கா” என்றார். கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் மகள்தான் பெட்டியைக் கிளறி ஒரு தாளை எடுத்து வந்தாள். அடகுக் கடைச் சீட்டு. தேதியும் 18,000 என்ற தொகையும் அதில் தெளிவாக இருந்தன. மருத்துவமனை தராத ரசீதை அடகுக் கடைக்காரர் தந்திருக்கிறார். அதன் நகலை இணைத்து, டிஸ்சார்ஜ் சம்மரியையும் சேர்த்து, மனுவை அந்தப் பெண்ணே தன் கையால் எழுதினாள். வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம்.