விஷயத்துக்கு வாங்க!

சட்னி அரைக்கும்போது மிக்ஸி பாதியில் நின்றுவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். பிறகு ஜாரை எடுத்துவிட்டு, மிக்ஸியைச் சாய்த்து, அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை உள்ளே அழுத்த வேண்டும். லோடு அதிகமாகி மோட்டார் எரிந்துவிடாமல் தானாகவே கரண்டைத் துண்டித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பெரும்பாலான மிக்ஸிகளில் இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். வாயால் சொன்னால் அரை நிமிடம்.

இதற்கு யூடியூபில் பதினோரு நிமிட வீடியோ. "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், எல்லாரும் எப்படி இருக்கீங்க" என்று தொடங்குகிறார்கள். மிக்ஸி இல்லாத வீடே இல்லை என்கிறார்கள். அம்மிக் காலத்துக்குப் போய்த் திரும்புகிறார்கள். "ஸ்கிப் பண்ணாம கடைசி வரைக்கும் பாருங்க, அப்பத்தான் புரியும்" என்கிறார்கள். லைக், ஷேர், சப்ஸ்கிரைப், பெல் பட்டன் எல்லாம் முடிந்து "வாங்க, வீடியோக்குள்ள போகலாம்" என்கிறபோது மூன்று நிமிடம் போயிருக்கும். சிவப்பு பட்டன் வருவது ஒன்பதாவது நிமிடத்தில். ஸ்கூல் வேன் தெருமுனைக்கு வருகிற நேரத்தில், பாதி அரைபட்ட தேங்காயோடு நிற்கிற ஒருத்தியை இப்படிக் காக்க வைக்கலாமா?

ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளப் போனாலும் இதே கதிதான். புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு, எப்போது இறக்குவது. புதிதாகச் சமைக்கிறவருக்கு இந்த மூன்றும் தெரிந்தால் போதும். அதைத் தவிர எல்லாம் சொல்கிறார்கள்.

யூடியூபின் முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்டது. அந்தத் தளத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியாகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன்னால் நிற்கிறார். இவற்றுக்குத் தும்பிக்கை ரொம்ப நீளம், அதுதான் விசேஷம் என்கிறார். வேறு சொல்ல ஒன்றுமில்லை என்று முடித்துக்கொள்கிறார். மொத்தம் 19 விநாடி. சொல்ல வந்ததைச் சொன்னார், போனார். அங்கே தொடங்கியது எப்படி இந்தப் பதினோரு நிமிடத்தில் வந்து நிற்கிறது?

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. எத்தனை பேர் தொட்டுத் திறந்தார்கள் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருந்த யூடியூப், 2012இல் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதலிடம் கொடுத்தது. பொய்யான முகப்புப் படம் போட்டு ஆட்களை இழுக்கிறவர்களுக்குக் கடிவாளம் போடத்தான் அந்த மாற்றம். படப் பொய்யும் நிற்கவில்லை, அதோடு இழுவையும் சேர்ந்துகொண்டது. 2018இல் இன்னொரு விதி வந்தது. விளம்பரக் காசில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். விஷயத்தை இரண்டே நிமிடத்தில் சொல்லி முடிக்கிற ஒழுங்கான மனிதருக்கு அது சேர, வீடியோ 1,20,000 முறை முழுசாக ஓட வேண்டும். அதையே பத்து நிமிடத்துக்கு இழுத்தவருக்கு 24,000 முறை ஓடினால் போதும். வீடியோ எட்டு நிமிடத்தைத் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம். 2020 வரை அதற்குப் பத்து நிமிடம் வேண்டியிருந்தது. சுருக்கமாகச் சொல்கிறவர் நஷ்டப்படும்படி விதியை வைத்துவிட்டு, யாரும் சுருக்கமாகச் சொல்வதில்லை என்று வருத்தப்பட்டு என்ன பயன்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். 2020 ஊரடங்கில் சேனல் ஆரம்பித்தார். முப்பது வருஷமாக அந்த வீட்டில் சமைக்கிறவர். உப்பு குறைந்தால் மட்டும்தான் அவர் சமையலைப் பற்றி வீட்டில் பேச்சு வரும். சீரக டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, வத்தக்குழம்பு வைப்பதை மூன்று நிமிடத்தில் சொல்லிப் போட்டார். முகம்கூடக் காட்டவில்லை, கையும் சட்டியும்தான். தோஹாவில் வேலை பார்க்கும் ஒரு பையன், எங்கம்மா வைக்கிற மாதிரியே வந்தது என்று கீழே எழுதியிருந்தான். அதை அக்கா என்னிடம் மூன்று தடவை படித்துக் காட்டினார். ஏன் இத்தனை பேர் வீடியோ எடுக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வரும். காசு அப்புறம். யாரோ ஒருவர் நம் கைவேலையைப் பார்த்தார், மதித்தார் என்பது முதலில்.

இப்போது அந்த அக்காவின் வீடியோவைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, "ஹாய் மக்களே" என்கிறார். நேற்று எங்கே போனோம், என்ன வாங்கினோம் என்று இரண்டு நிமிடம். முகப்புப் படத்தில் வாயைப் பிளந்தபடி அவர் முகம், பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. "ஏன்க்கா இப்படி?" என்று கேட்டேவிட்டேன். "சின்ன வீடியோ போட்டா ஏற மாட்டேங்குதுடி. எனக்கு மட்டும் ஆசையா என்ன?" என்றார். குரல் தாழ்ந்துபோய்விட்டது. அதற்கு மேல் நான் பேசவில்லை. முத்து முத்தாகச் சமையல் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மனுஷியை இப்படி ஆக்கிவிட்டார்களே என்கிற ஆத்திரம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

பார்க்கிறவர்களையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் ஒவ்வொரு வீட்டிலும் தனியாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு பேச்சுக்குரல் கிடைத்தது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில், மத்தியானம் இரண்டு மணிக்கு, யாரோ ஒருத்தி தன் வீட்டு மளிகையை டப்பாவில் கொட்டி அடுக்குவதைப் பார்ப்பது பொழுதை வீணாக்குவது என்று நான் சொல்ல மாட்டேன். அது துணை. கல்யாணமாகி வெளிநாடு போன பெண்ணுக்கு, சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையனுக்கு, நேரம் பார்க்காமல் கேட்க முடிகிற ஒரே ஆள் அந்த போன்தான். தேவை உண்மையானது. அதனால்தான் வயிறு எரிகிறது.

என் பெரியம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். வீடியோவை ஓட்டிப் பார்க்க அவருக்குத் தெரியும். ஆனால் செய்ய மாட்டார். "கடைசி வரைக்கும் பாருங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டுக்குதே, பாதியில விட்டா நல்லா இருக்குமா?" என்கிறார். சின்னப் பிள்ளைகள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித் தப்பித்துவிடுகிறார்கள். மரியாதை தெரிந்தவர்கள்தான் முழுசாக உட்கார்ந்து ஏமாறுகிறார்கள்.

அந்த மரியாதையையும் நம்பிக்கையையும் வைத்து மருந்து சொல்கிறவர்களை நினைத்தால் பதறுகிறது. சர்க்கரை ஒரே வாரத்தில் ஓடிவிடும், மாத்திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எந்த இலை என்பதைப் பத்தாவது நிமிடம் வரை மறைத்து வைக்கிறார்கள். 2018இல் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண்ணின் உயிர் போனது. அதற்குப் பிறகும் இந்தப் பேச்சு அடங்கவில்லை.

நீளம் என்பதே குற்றம் என்று சொல்லவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் அவர் பேரன்களும் நடத்தும் வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்கள். வயல்வெளியில் அண்டாவை ஏற்றி, போடுகிற சாமானின் பெயரை உரக்கச் சொல்லிச் சொல்லிப் போடுகிறார்கள். சமைத்து முடித்து எல்லோருக்கும் பரிமாறுகிறார்கள். ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது. 2018இல் தொடங்கி 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் அது. மொழி தெரியாதவர்களும் பார்க்கிறார்கள். ஆக, இழுக்காமலும் ஜெயிக்க முடியும். எல்லோருக்கும் அந்த வயலும் அந்தத் தாத்தாவும் வாய்க்காது, அதுவும் உண்மைதான்.

யூடியூப் தன் கணக்கை மாற்றிக்கொள்ளும் என்று நான் காத்திருக்கவில்லை. வீடியோ போடுகிற அக்கா, தம்பிகளிடம்தான் கேட்கிறேன். உங்கள் பிழைப்பு எனக்குப் புரிகிறது. பத்து நிமிடம் வேண்டுமா, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விஷயத்தை முதல் நிமிடத்தில் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் விளக்கம், கதை எல்லாம் சொல்லுங்கள். இருக்கிறவர்கள் இருந்து கேட்பார்கள். இல்லையென்றால், எது எந்த நிமிடத்தில் வருகிறது என்று 0:00 முதல் வரிசையாக வீடியோவுக்குக் கீழே எழுதிவையுங்கள். அதைத் தொட்டால் நேரே அந்த இடத்துக்குப் போய்விடலாம். காசு செலவில்லை. இன்றைக்கு அந்த வேலையைப் பார்க்கிறவர் யார் தெரியுமா? "6:40ல இருந்து பாருங்க" என்று கருத்துப் பகுதியில் எழுதிவிட்டுப் போகிற, உங்களுக்கோ எங்களுக்கோ எந்தக் கடமையும் இல்லாத ஒருவர். எழுதவேண்டியது நீங்கள். எழுதுங்களேன்.