பங்குக் கிணறும் வீட்டுக் கணினியும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்களுக்குக் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் புதியன அல்ல. அளவெட்டி போன்ற செம்மண் ஊர்களில் ஒரு தோட்டக் கிணற்றுக்குப் பலர் பங்காளிகள். யாருக்கு எத்தனை பங்கு, தண்ணீர் எவ்வழியே பாய்வது என்பன எழுத்திலே இருக்கும். (அதனால் சண்டை இல்லை என்று எந்தப் பத்திரிகையாளனும் சொல்லமாட்டான்.) கிணற்றுக்கு இத்தனை கவனமாக எழுதிய சமூகம், வீட்டுக் கணினியை ஒன்றில் முற்றாகப் பூட்டுகிறது, அல்லது முற்றாகத் திறந்து விடுகிறது.

ஊரிலும் சரி, ரொறன்ரோவிலும் சரி, ஒரு வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கின்றன. ஆனால் மகனின் கோப்பு தகப்பனுக்குப் பென் டிரைவில் போகிறது. அல்லது வாட்ஸ்அப்பில் கடல் கடந்து போய் அடுத்த அறைக்கு வருகிறது. அண்ணனின் மேசையில் பிரின்டர் சும்மா கிடக்க, தங்கை அச்செடுக்கச் சந்திக் கடைக்கு ஓடுகிறாள். இவற்றைப் பகிர்ந்துகொள்ள இணையமும் வேண்டாம், பணமும் வேண்டாம்; ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். கம்பியால் ஒரு கணினியோடு பொருத்திய பிரின்டர் என்றால், அந்தக் கணினியும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இது வெறும் வசதி பற்றிய பேச்சு அன்று. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் மக்கள் கையில் எடுத்ததோடு வெளியேறினார்கள். அன்று தப்பிய உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் திருமணப் படங்களும் இன்று ஸ்கேன் செய்யப்பட்டு, பெரும்பாலும் ஒரே ஒருவருடைய கணினியில் இருக்கின்றன. அந்த வன்தட்டுப் பழுதானால்? பகிர்ந்த கோப்புறையும் ஒரே தட்டில்தான் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பகிர்வு வேறு, பிரதி வேறு. பகிர்வு இருந்தால் மற்றக் கணினியில் ஒரு பிரதி எடுப்பது எளிது. வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் இன்னொன்று இருக்கட்டும்.

கடவுச்சொல்லை நீக்கி எல்லோருக்கும் முழு உரிமை கொடுக்கும் எக்ஸ்பி காலத்துப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் பிரித்தானிய மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படுத்தும் எஸ்எம்பியின் முதற் பதிப்பில் இருந்த ஓட்டையே அதற்கு வழியாயிற்று. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, பலர் நிறுவவில்லை. பழைய கருவியொன்றை இயக்குவதற்காக அந்த முதற் பதிப்பை இன்று மீண்டும் திறப்பவர்கள், கருவியை மாற்றுவதே நல்லது. விண்டோஸ் 7உடன் 2009இல் வந்த ஹோம்குரூப் 2018இல் விண்டோஸ் 10இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதைச் சொல்லும் குறிப்புகளைத் தேடி மினக்கெட வேண்டாம்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். உறுதிகள் உள்ள கோப்புறையை மற்றவர்கள் படிக்கலாம். மாற்றும் உரிமை ஒருவருக்குப் போதும். பணயத் தீநிரல் ஒரு கணினியில் புகுந்தால், எழுத அனுமதி உள்ள பகிர்ந்த கோப்புறைகளையும் அது பூட்டிவிடும். யாருக்கு எந்தக் கோப்புறையில் என்ன உரிமை என்பதைத் தாளில் எழுதி, கடவுச்சொல்லையும் குறித்து, மூல உறுதிகளோடு அலுமாரியில் வையுங்கள். கணினிக்குரியவர் இல்லாத நாளில் பிள்ளைகள் முதலில் திறப்பது அந்த அலுமாரியைத்தான்.