பொதி கட்டுவோர்

உடையார்பாளையம் வழியே சிமிட்டி ஏற்றிச் செல்லும் லாரிகளைக் காணாத மாணாக்கர் நம்முள் இல்லை. இக்காலத்து வண்டியில் எஞ்சினும் தடையும் அளவுமானியும் தம்முள் செய்தி பரிமாறுவது கேன் என்னும் இரட்டைக் கம்பியின் வழியே என்பதை அறிந்தோர் சிலரே. பாஷ் கம்பெனியார் இம்முறையை 1986-ல் வெளியிட்டனர். ஃபோக்ஸ்வேகன் ஆராய்ச்சியாளர் இதன்பொருட்டு எழுதிய சாக்கெட்கேன் 2008-ல் லினக்ஸில் சேர்ந்தது. அதற்குரிய கருவிகளை டெபியன் தொண்டர்கள் பொதியாகக் கட்டி வைத்தமையால் ஒரே கட்டளையில் அவற்றை நிறுவலாம். வண்டியின்றியே கற்பனைக் கம்பியொன்றை அமைத்தும் பயிலலாம்.

பிஎம்டபிள்யூ கம்பெனியார் மூலத்தோடு பொதுவில் அளித்த வி-சம்-ஐபி என்னும் நிரல் நூலகத்தை மூலத்தினின்று தொகுக்கப் புகுவார்க்கோ வழி நெடிது. சிமேக் வேண்டும், பூஸ்ட் நூலகம் வேண்டும், அதுவும் ஒத்த பதிப்பாதல் வேண்டும். யாவும் முடிந்த பின்னரும் நூலகத்தைக் காணோம் என்று கணினி மறுத்தல் கூடும். எல்டிகான்ஃபிக் என்ற ஒரு கட்டளையால் தீரும் குறை அது! அறியாதான் இரு நாள் வீணாக்குவான்.

நிரல் இயற்றினோரைப் போற்றும் நாம் பொதி கட்டினோரை மறத்தல் முறையன்று. ஏட்டில் கிடந்த சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887-ல் பதிப்பித்திராவிடின் அதனைக் கற்றோர் எத்துணையர்? (அவர் இளமையிற் பயின்ற அரியலூர் நமக்கு அண்மையதே.) ஆதலின், நிரலுக்கு மதிப்பெண் இடும் ஆசிரியன்மார் பொதிக்கும் இடுக என்பது எம் வேண்டுகோள். சார்பு நூலகங்களையும் அவற்றின் பதிப்பெண்களையும் தமிழில் எழுதி, பிறனொருவன் கணினியில் நிறுவிக் காட்டுவானுக்கே முழு மதிப்பெண்.