மூன்று நாளா, முப்பது நாளா?

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மட்டாஞ்சேரியின் சுற்றுலா வாடகைக் கார்கள் பல, வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகொரு நாள் சவாரி வரும்; சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ ஓசை மட்டுமே எழும். ‘பேட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள்’ என்று தீர்ப்பும் உடனே வந்துவிடும். விசாரணையற்ற இத்தீர்ப்பை நான் ஏற்பதற்கில்லை. முதலில் கேட்கவேண்டியது, வண்டி எத்தனை நாள் நின்றது என்பதே.

கணக்கு எளியது. சிறிய கார் ஒன்றின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி என்று கொள்வோம். பூட்டி நிறுத்திய வண்டியிலும் கடிகாரமும் கணினியும் 30 மில்லி ஆம்பியர் அளவில் எடுத்துக்கொண்டே இருக்கும். அது குற்றமன்று, ஆயினும் 30 நாளில் 21.6 ஆம்பியர்-மணி கரைந்துவிடும். அதன்பின் செல்ஃப் எடுப்பது ஐயமே. ஆகவே மாதக்கணக்கில் நின்று அடங்கிய பேட்டரிக்கு வேண்டுவது சார்ஜ். தாமதித்தால்தான் தகடுகளில் ஈயச் சல்பேட்டு இறுகி, அது உண்மையிலேயே கெடும். அதே இழப்பு மூன்றே நாளில் நேர்ந்தால் 300 மில்லி ஆம்பியர் கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் புதிய பேட்டரி வைத்தால் அதுவும் மூன்று நாளே தாங்கும்.

குற்றவாளி வண்டியா, பேட்டரியா? முழுச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி மூன்று நாள் வையுங்கள். 12.6 வோல்ட்டை ஒட்டியே நின்றால் பேட்டரி தானாக வடியவில்லை, வண்டியைத்தான் சோதிக்கவேண்டும். கழற்றிய கம்பிக்கும் டெர்மினலுக்கும் இடையே மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் இணைத்து, கதவுகளை மூடி, கணினி உறங்க அரைமணி நேரம் பொறுங்கள். (அந்நிலையில் வண்டியைக் கிளப்பிவிடாதீர்கள், மீட்டர் தாங்காது.) 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் சட்டென இறங்குகிறதோ, அந்த இணைப்பில் கசிவு. எதற்கும் இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடை ஐயுறலாம்.

காயலோரத்து உப்புக்காற்றையும் மறக்கலாகாது. டெர்மினலில் களிம்பு பூத்தால் நல்ல பேட்டரியும் செத்ததுபோல் நடிக்கும். ஆப்பச்சோடா கலந்த நீரால் கழுவித் துடைத்தாலே சில வண்டிகள் கிளம்பிவிடும்.

அவசரப்பட்டுக் கழிக்கும் ஒவ்வொரு பேட்டரியும் பல கிலோ ஈயம். உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் குருதியில் ஈயம் மிகுந்திருப்பதாக யுனிசெஃப் 2020இல் கூறியது. முறையற்ற பேட்டரி உருக்கல் அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

மெக்கானிக்கை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. பேட்டரி விற்றால் அவருக்குக் கழிவு உண்டு. அரைமணி காத்திருந்து கசிவைக் கண்டுபிடித்தால் யாரும் கூலி தருவதில்லை. பேட்டரி விலையைப் பேசுமுன் அந்தச் சோதனைக்கான கூலியை நாமே பேசிவிடலாம்.